நின்ற நேரத்தின் கணக்கு

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்றேகால் மணிக்கு, தொப்பூர் கணவாயின் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்த தேநீர்க் கடையின் பலகையில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் காலை ஆறு மணிக்குக் கோவையில் புறப்பட்டு, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகச் சூளகிரி வரை சென்று திரும்ப வேண்டிய 600 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம் அது. 395 கிலோமீட்டர் முடிந்திருந்தது. கடைசி ஒரு மணி நேரமாகச் சாலையோர ஒளிப்பட்டைகள் ஒவ்வொன்றும் உட்கார்ந்திருக்கும் பூனையாகத் தெரிந்தன. முதல் பூனைக்குச் சிரித்தேன். பிறகு வந்த பூனைகளுக்காக வண்டியை ஒதுக்கி ஓட்டத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் எனக்குச் சொந்தமானவையாக இல்லை.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் என் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த எறக்கத்துல முழிச்சிருக்கற எங்களுக்கே பயமா இருக்குதுங்க. மூணு மணிக்கு மேல கண்ணு சொல்றத நம்பாதீங்க" என்றார். அவர் கோவைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். மிதிவண்டியைப் பஞ்சு மூட்டைகளின் மேல் கட்டிவிட்டு என்னை ஓட்டுநர் அறையில் ஏற்றிக்கொண்டார். சேலம் வந்ததும் தெரியாது, பவானி வந்ததும் தெரியாது. சிங்காநல்லூரில் தட்டி எழுப்பினார்.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இரண்டு நாள் கழித்துத் தெளிந்த பிறகுதான் செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்து பார்த்தேன். 600 கி.மீ. பயணத்துக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் 40 மணி. நான் கைவிட்டபோது மிச்சமிருந்தது பதினெட்டே முக்கால் மணி. தூரமோ 205 கி.மீ.தான். அந்தப் பலகையிலேயே நான்கு மணி நேரம் படுத்துறங்கி எழுந்து, மணிக்கு 15 கி.மீ. என்று உருட்டிக்கொண்டு வந்திருந்தாலும் ஒரு மணி நேரம் மீந்திருக்கும். வங்கியில் பணம் இருக்கும்போதே திவாலானதாக அறிவித்துக்கொண்டவனைப் போல நான் லாரியில் ஏறியிருக்கிறேன்.

இந்த வகைப் பயணங்களை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பிரெவே என்பது பந்தயமன்று. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், இடையிலுள்ள சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரையோ கையொப்பமோ பெற்றுக்கொண்டு, வெளியார் உதவி இல்லாமல் கடக்க வேண்டும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மதிப்புதான். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40, 1,000க்கு 75 மணி நேரம் என்பது விதி. முதல் நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவரைச் சூப்பர் ரான்டனர் என்பார்கள். இந்தியாவில் இவற்றை ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ் ஒருங்கிணைக்கிறது. உலக அளவில் தலைமையிடம் 1904-இல் தோன்றிய பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணமே இத்துறையின் கும்பமேளா: சுமார் 1,200 கி.மீ., பெரும்பாலோருக்கு 90 மணி நேரம். 2023-இல் நடந்தது, அடுத்தது 2027-இல். அதில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் நாற்பத்து மூன்றாம் வயதில் இந்த வேலையில் இறங்கினேன்.

என் தோல்வியில் அந்தப் பாரிஸ் பயணத்தின் வரலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இப்போது நினைக்கிறேன். 1891-இல் அது முதன்முதலாக நடந்தபோது உண்மையான பந்தயமாகவே நடந்தது. பிரெஸ்ட் நகரம் வரை ஜியெல்-லவால் என்பவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னிலையில் இருந்தார். திரும்பும் வழியில் அவர் விடுதியில் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் சார்ல் தெரோன் அவரைக் கடந்து சென்று, மூன்று நாளுக்குள் பாரிஸை அடைந்து வென்றார். இந்தக் கதையைப் படித்ததிலிருந்து, உறங்கியவன் தோற்றான் என்ற ஒற்றை வரி என் மண்டைக்குள் குடியேறிவிட்டது. எனக்கு முன்னால் தெரோனும் இல்லை, பின்னால் ஜியெல்-லவாலும் இல்லை, இருப்பது ஒரு கடிகாரம் மட்டுமே என்பது உறைக்கத் தொப்பூர் தேவைப்பட்டது.

வண்டியில் பொருத்தியிருந்த ஜிபிஎஸ் கருவியின் பதிவை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். சக்கரம் சுழன்ற நேரம் பதினாறரை மணி. அதாவது மணிக்கு 24 கி.மீ. என்ற, எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்த சராசரி. நின்ற நேரம் நான்கே முக்கால் மணி. அதில் உறக்கம் ஒரு நிமிடம்கூட இல்லை. எங்கே போயிற்று அந்த நேரம்? பெருந்துறையில் தேநீர், சங்ககிரியில் படம் எடுத்தது, சேலத்தில் நண்பர்களுக்காகக் காத்திருந்தது, தருமபுரியில் கையுறையை எங்கே வைத்தோம் என்று தேடியது, எங்கோ ஓரிடத்தில் காரணமே இல்லாமல் பதினெட்டு நிமிடம். எவனோ ஒருவன் என் பையிலிருந்து பத்து ரூபாய், இருபது ரூபாயாக எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான், அவனும் நானே. 600 கி.மீ.யை மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சக்கரம் சுழலும் நேரம் 27 மணியும் சில நிமிடங்களும். அதையே 24 ஆக உயர்த்தினால் 25 மணி. இந்த இரண்டு கிலோமீட்டர் வேகத்தை ஈட்ட என் வயதில் ஓராண்டு உழைப்பு வேண்டும், கிடைப்பதோ இரண்டேகால் மணி நேரம். வீணாக நிற்பதைக் குறைத்தால் அதே இரண்டேகால் மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பிறகு என் பயிற்சியில் எல்லாமே இந்த ஒரு பதிவேட்டைச் சுற்றித்தான் நடந்தது. எது என்னை நிறுத்துகிறது? எரிபொருளா, வயிறா, தோலா, நரம்பா, உறக்கமா? ஒவ்வொன்றையும் தனித்தனியே பிடிக்க வேண்டியிருந்தது.

முதலில் எரிபொருள். உடல் தன் ஆற்றலை இரண்டு வடிவங்களில் சேமித்து வைக்கிறது. தசைகளிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன் சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. எந்தக் கடையிலும் உடனே நீட்டலாம், ஆனால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,000 கலோரிதான் தேறும், வேகமாக மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கொழுப்போ ஊரில் கிடக்கும் நிலம். ஒல்லியான மனிதனிடம்கூடப் பல பத்தாயிரம் கலோரி மதிப்புக்கு அது இருக்கும். என்னிடம் கூடுதலாகவே இருந்தது. நிலத்தை நடுரோட்டில் நின்று விற்க முடியாது என்பதுதான் சிக்கல். கொழுப்பை எரிக்கப் பிராணவாயு மிகுதியாக வேண்டும், வேலையும் மெதுவாகவே நடக்கும். மூச்சு வாங்கும் அளவுக்கு மிதிக்கும்போது உடல் நிலத்தை விட்டுவிட்டுச் சில்லறையை எடுத்து இறைக்கத் தொடங்குகிறது. முதல் 200 கிலோமீட்டரைக் குழுவின் வேகத்தோடு ஒட்டிக்கொண்டு ஓட்டியபோது நான் செய்தது அதைத்தான்.

இதற்கு மருந்து மெதுவாக ஓட்டுவது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த அறிவுரையைப் போல அகந்தையைச் சீண்டும் அறிவுரை வேறில்லை. ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேசி முடிக்கும் அளவுக்கான முயற்சி என்று அதற்கு ஒரு நடைமுறை அளவுகோல் சொல்வார்கள். என் நெஞ்சுப்பட்டிக் கருவியின்படி அது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 125-க்கும் 135-க்கும் இடையில் இருந்தது. முதல் வாரத்தில் அந்தத் துடிப்புக்கு எனக்குக் கிடைத்த வேகம் சமதளத்தில் மணிக்கு 19 கி.மீ. அவிநாசி சாலையில் கேரியரில் சாப்பாட்டுக் கூடை கட்டிக்கொண்டு ஆலைக்குப் போகும் பெரியவர்கள் என்னை முந்திச் சென்றார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, "டயர்ல காத்து இருக்குதுங்களா?" என்று அக்கறையோடு கேட்டார்.

ஆனால் இந்த மந்தமான மணிநேரங்களில்தான் உள்ளே கட்டுமானம் நடக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது, தசை நார்களைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் கொழுப்பை எரிக்கும் உலைகளான மைட்டோகாண்ட்ரியாக்களின் எண்ணிக்கையும் திறனும் உயர்கின்றன. இவை எவையும் ஒரு வாரத்தில் நிகழ்வன அல்ல. வாரத்துக்கு ஆறு மணி நேரத்தில் தொடங்கி, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் பாதியாகக் குறைத்து, மறுபடி கூட்டி, ஏழு மாதத்தில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொட்டேன். செவ்வாய், வியாழன் விடியற்காலைகளில் ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை நெடும்பயணம், ஞாயிற்றுக்கிழமை, முந்தைய நாளின் களைப்பு தீராத கால்களோடே மூன்று மணி நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான் கசப்பு மருந்து. சனிக்கிழமை 200 கி.மீ. ஓட்டியவனுக்கு மறுநாள் முதல் இருபது நிமிடம் உலகமே பகை. அதன் பிறகு கால்கள் தாமாக இளகிவிடும். அப்படி இளகும் என்பதை உடம்பு ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு மறப்பதில்லை. ஐந்தாவது மாதத்தில் அதே 130 துடிப்புக்கு 23 கி.மீ. வேகம் வந்திருந்தது. வாரத்தில் ஒருநாள் மட்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 1,400 மீட்டருக்கும் மேலான ஏற்றத்திலோ, வேறு ஏதேனும் மேட்டிலோ மூச்சு முட்ட மிதித்தேன். அதற்கு மேல் கடுமை தேவைப்படவில்லை.

கோவைக்காரனுக்கு மலையைவிடப் பெரிய ஆசான் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட மதில் பாலக்காட்டுக்கு அருகே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு உடைந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் பிதுங்கி, ஆனி தொடங்கி ஆவணி வரை பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் வீசித் தீர்க்கிறது. அங்கே காற்றாலைகள் காடாக நிற்பதற்குக் காரணமும் இதுவே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் மிகையாகத் தோன்றாது. காலையில் தாராபுரம் நோக்கி ஓட்டும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்; மணிக்கு 32, 33 என்று கருவி காட்டும்; நாம் பெரிய வீரன் என்ற எண்ணம் தவறாமல் வரும். பத்து மணிக்குத் திரும்பினால் அதே சாலையில், அதே உழைப்புக்கு 14.

காற்றின் தடை அதன் சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், எதிர்காற்றில் பழைய வேகத்தைப் பிடிக்க முனைபவன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆற்றலைக் கொட்டுகிறான். சில்லறை தீர்கிறது. எதிர்காற்றில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: உழைப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு, குனிந்து, வேகம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. 80 கி.மீ. தூரத்தை ஐந்தரை மணி நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டே கடந்த ஒரு ஆடிச் சனிக்கிழமை, என் மொத்தப் பயிற்சியிலும் எனக்கு மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்த நாள் என்று சொல்வேன். அதன் பிறகு கருவியின் திரையிலிருந்து வேகத்தைக் காட்டும் கட்டத்தையே நீக்கிவிட்டேன்.

அடுத்தது வயிறு. முதல் 600-இல் இரவு ஒன்பது மணிக்குக் கிருஷ்ணகிரிக்கு அருகே நான் உண்டவை மூன்று புரோட்டாவும் சால்னாவும். இதை எழுதும்போதே நெஞ்சு கரிக்கிறது. நீண்ட நேரம் மிதிக்கும்போது இரத்தம் தசைகளுக்கும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது; குடலுக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. அந்த நிலையில் எண்ணெயும் மைதாவும் உள்ளே போனால் அங்கேயே கிடக்கும். குமட்டல் வருவதால் உண்ண முடிவதில்லை, உண்ணாததால் சர்க்கரை இறங்குகிறது, சர்க்கரை இறங்க இறங்க மனம் கறுத்துப்போகிறது. நெடும்பயணத்தில் திடீரென்று வாழ்க்கையே வீண் என்று தோன்றினால், தத்துவ விசாரணையைத் தொடங்கும் முன் ஒரு வாழைப்பழம் தின்று பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

குடலையும் தசையைப் போலப் பழக்க முடியும் என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். குளுக்கோஸைக் குடற்சுவர் வழியே கடத்தும் வாயில் மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடுகிறது. பிரக்டோஸுக்குத் தனி வாயில் இருப்பதால், இரண்டும் கலந்து உண்டால் பழகிய வயிறு 90 கிராம் வரை ஏற்கும். சாதாரணச் சர்க்கரையே இவ்விரண்டும் பாதிப் பாதியாகச் சேர்ந்த பொருள்தான். ஆகவே விலை உயர்ந்த ஜெல் பொட்டலங்களை ஓரிரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரு போத்தலில் சர்க்கரை, எலுமிச்சை, உப்பு. மற்றொன்றில் வெறும் நீர். முதுகுப் பையில் பூவன் பழமும், பொடி தடவாத குட்டி இட்லிகளும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஓட்டிக்கொண்டே ஒரு வாய். மணிக்கு 40 கிராமில் தொடங்கி மூன்று மாதத்தில் 60 கிராமுக்கு வந்தேன். அதற்கு மேல் என் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் கரைசல் உப்புக்கு நல்லது, ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அதில் லிட்டருக்குப் பதின்மூன்றரை கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அதை மட்டும் நம்பி மிதிப்பவன் பட்டினி கிடக்கிறான். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பது இன்னும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இவற்றையெல்லாம் கரைத்துக் குடித்த பிறகும், மதிய வெயிலில் மண்பானை மோருக்கு நிகரானது எதுவும் இல்லை என்பது என் முடிவு.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிதிவண்டிக் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக்கூடாது, உராயும் இடங்களில் களிம்பு தாராளமாகப் பூச வேண்டும், இருக்கையின் உயரத்தைப் பயணத்துக்கு முந்தைய நாள் மாற்றக்கூடாது. விரல்களின் கதை கொஞ்சம் நீண்டது. உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாகச் செல்லும் அல்நார் நரம்பு கைப்பிடியில் மணிக்கணக்காக அழுந்தினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். தொப்பூருக்குப் பிறகு மூன்று வாரம் சட்டைப் பொத்தானை நானே போட முடியவில்லை. மனைவி பொத்தான் போட்டுவிடும்போது முகத்தில் காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன். கைப்பிடியைச் சற்று உயர்த்தி, கையின் நிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும் பழக்கத்தை ஏற்படுத்தி, வயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்த பின்னரே அது தீர்ந்தது. உடலின் பாரத்தை இடுப்பும் வயிறும் தாங்காவிட்டால் கை தாங்க வேண்டியிருக்கிறது. கை மறுத்தால் கழுத்து. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஏறத்தாழ 4,800 கி.மீ. ஓடும் ராம் என்னும் பந்தயத்தில், கழுத்துத் தசைகள் தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் கைவிடும் நிலைக்கு, அதன் தொடக்க கால வீரர்களில் ஒருவரான மைக்கேல் ஷெர்மரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தைத் தனியாளாக 12 நாள் கெடுவுக்குள் 2017-இல் முடித்த இந்திய ராணுவ மருத்துவர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கை தானாகக் கழுத்தைத் தடவும்.

கடைசியாக உறக்கம். லாரி ஓட்டுநர் சொன்ன மூன்று மணிக்கு உடலியலில் ஆதாரம் இருக்கிறது. நம் உடல் வெப்பம் அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில்தான் நாளின் அடித்தளத்தைத் தொடுகிறது. விழித்திருந்த நேரத்தின் பாரமும் அத்துடன் சேரும்போது மூளை கண்திறந்தபடியே சில நொடிகள் அணைந்துபோகிறது. இதை மன உறுதியால் வெல்லலாம் என்பவர்கள் ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் தப்பியவர்கள். இரவுப் பயணத்தைப் பழகுவதற்காக மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் புறப்பட்டுப் பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி சென்று விடிந்த பிறகு திரும்பத் தொடங்கினேன். தேநீர் குடித்த கையோடு இருபது நிமிடம் படுத்தால், காஃபின் இரத்தத்தில் ஏறும் வேளையில் விழிப்பும் வருகிறது என்பதை அந்த இரவுகளில் கற்றேன். பேருந்து நிழற்குடைகளில் எதில் கொசு குறைவு என்பதும் எனக்கு இப்போது தெரியும்.

உறக்கத்தைப் பற்றியும் நிற்பதைப் பற்றியும் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பாடம் பயிற்சி நூல்களிலிருந்து வந்ததன்று. என் பெரியம்மா இருபத்தேழு ஆண்டுகள் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர். நூறு கிலோமீட்டருக்கு மேல், செருப்பில்லாமல். எழுபது வயதைக் கடந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். தொப்பூர் கதையைச் சொல்லிப் புலம்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன தடவ உக்காந்த?" என்பது. பதினாறு முறை என்றேன். "நடக்கறதுல ஒண்ணுமில்ல கண்ணு. உக்காந்து எந்திரிக்கறதுலதான் இருக்குது. ஒக்காந்தா படுக்கோணும். படுக்கலீன்னா ஒக்காரவே கூடாது" என்றார். அவர்கள் கூட்டம் வெயிலில் மரத்தடியில் நான்கு மணி நேரம் முழுதாகப் படுத்துறங்கும். மாலையில் எழுந்தால் நள்ளிரவு வரை தண்ணீரைக்கூட நின்றே குடிக்கும். நான் ஜிபிஎஸ் பதிவை வைத்து மூன்று மாதம் ஆராய்ந்து கண்டதை அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

2025 மார்ச்சில் மறுபடி 600. இம்முறை இரண்டு வாரத்துக்கு முன்பே பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன், கடைசி வாரம் இரவில் ஒன்பது மணிக்கே படுத்தேன். பாதை அதேதான். முதல் சாவடியில் ஏறக்குறைய கடைசியாக வந்தவன் நான். இரவு பதினொன்றரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் முன்பே பேசி வைத்திருந்த விடுதி அறையில் நான்கரை மணி நேரம் உறங்கினேன். தொப்பூர் இறக்கத்தைச் சூரிய வெளிச்சத்தில், இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு வழிவிட்டு இறங்கினேன். அந்தத் தேநீர்க் கடை திறந்திருந்தது. நிற்கவில்லை. சக்கரம் சுழன்ற சராசரி முன்பைவிட ஒன்றரை கிலோமீட்டர் குறைவு. முடித்த நேரம் 36 மணியும் பத்து நிமிடங்களும். உறக்கம் போக நின்ற நேரம் ஐந்து மணிக்கு இன்னும் சற்றுக் குறையாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய திருடன் முழுதாகத் திருந்தவில்லை.

1,000 கி.மீ. பயணம் கடந்த தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அமைந்தது: கோவையிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி, நெல்லை வழியாகக் கன்னியாகுமரி, அங்கிருந்து திரும்பல். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, ஞாயிறு காலை ஒன்பது மணி கெடு. முதல் இரவு மூன்று மணி நேரமும் இரண்டாம் இரவு மூன்றரை மணி நேரமும் படுத்தேன். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கியது சிறு தவறு. ருசியில் குறையில்லை, மெல்வதற்குத்தான் வாயில் ஈரம் இல்லை. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தபடி ஏழு நிமிடம் நின்றேன். பதிவேட்டில் அதை வீண் செலவாக எழுதவில்லை. திரும்பும் வழியில் சாத்தூருக்கு அருகே வலது முழங்கால் முனகத் தொடங்கியது, மதுரைக்குள் நுழையும்போது அடங்கியது. ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பது விளங்கவில்லை. ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கோவையில் அட்டையை நீட்டினேன். 72 மணியும் பதினைந்து நிமிடங்களும்.

ஆனால் அந்தப் பயணத்தில் என் நினைவில் தங்கியிருப்பது அதற்கு முந்தைய இரவு. திண்டுக்கல்லைக் கடந்ததும் சாலையின் இடப்பக்கம் முழுவதும் பழனிக்கு நடப்பவர்கள். பச்சை வேட்டிகள், தோளில் காவடிகள், முதுகில் ஒளிரும் பட்டைகளை ஒட்டிய பைகள், வலிக்கு எண்ணெய் தேய்த்த வாடை. அவர்கள் போகும் திசையிலேயே நானும் போனேன். என் வண்டி விளக்கு அவர்களின் நிழல்களை முன்னால் நீட்டியது. ஒட்டன்சத்திரத்துக்குச் சற்று முன்னே, இரவு பத்து மணியளவில், ஒரு அன்னதானப் பந்தலிலிருந்து சுக்குக் காப்பியின் மணம் வந்தது. வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன். பந்தலில் இருந்த இளைஞர் தம்ளரை நீட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கண்ணா, காலெல்லாம் நடுங்குது பாருங்க" என்றார்.

"இருக்கட்டும் தம்பி, நின்னுக்கிட்டே குடிச்சுக்கறேன்" என்றேன். பக்கத்தில் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்து, நடக்கத் தொடங்கினார்.